நதிமூலம் பார்க்கலாமா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. பெரியவர்கள் இதைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. கேட்டவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் மூன்றாண்டுகளாக வரலாறு பயிலும் எனக்கு இந்தப் பழமொழியோடு ஒரு வழக்கு உண்டு. மூலத்தைப் பார்க்காதே என்றால் வரலாற்றுத் துறைக்கு வேலை ஏது? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கோயில் விளக்குக்கு ஆடு கொடுத்தவன் யார், ஏரிக்கு மடை கட்டியவன் யார் என்றெல்லாம் கல்லிலும் செம்பிலும் தேடிப் படிக்கிறோம். அதற்கு நம்மைப் பாராட்டி மதிப்பெண்ணும் தருகிறார்கள். ஒருவர் தம்முடைய சொந்த மூலம் எழுதப்பட்ட ஏட்டைப் பார்க்க விரும்பினால் மட்டும் அது எப்படிக் குற்றமாகும்?

இந்தக் கேள்வியை நான் பட்டிமன்றத்துக்காக எழுப்பவில்லை. நான் ஒரு தத்துப்பிள்ளை. இதை இம்மலரில் எழுதலாமா என்று பலநாள் எண்ணிப் பார்த்தேன். என்னைப் போன்றவர்கள் இக்கல்லூரியிலேயே சிலர் இருக்கக்கூடும். அவர்களுக்கு வழி தெரியாமல் இருக்கலாம். வழி தெரிந்தும் மனம் தயங்கலாம். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

எங்கள் வட மாவட்டங்களின் கதை உங்களுக்குத் தெரிந்ததே. பெண்ணாய்ப் பிறந்த பாவத்திற்குப் பிள்ளைகளைப் பிறந்த வீட்டிலேயே முடித்துவிடும் கொடுமை இங்கே சில பகுதிகளில் இருந்தது. அதைத் தடுக்க 1992ஆம் ஆண்டு தமிழக அரசு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001இல் அது தருமபுரி, மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கும் விரிந்தது. வளர்க்க இயலாத பிள்ளையைக் கொல்ல வேண்டாம், தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள், நீங்கள் யார் என்று கேட்கமாட்டோம் என்பதே அத்திட்டத்தின் உயிர்.

2004இல் அப்படி ஒரு தொட்டிலில் விடப்பட்டவள் நான்.

ஆறு மாதம் ஓர் இல்லத்தில் வளர்ந்தேன். பிறகு தையற்கடை வைத்திருக்கும் என் அப்பாவும் அம்மாவும் என்னைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் அம்மா என்னை அருகில் அமர்த்திச் சொன்னார்: "கண்ணு, உன்னை நாங்க கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு வந்தோம். நாளைக்கு யாராவது குத்தலாச் சொன்னா, தலையைக் குனியாதே. எனக்குத் தெரியும்னு சொல்லு."

அம்மா நினைத்தது சரியாகவே இருந்தது. அடுத்த ஆண்டே ஒரு கலியாண வீட்டில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் என்னைக் காட்டி, "யாரு பெத்ததோ" என்றார். "எனக்குத் தெரியும் அத்தை" என்றேன். அவர் வாயடைத்துப் போனார். ஆனால் வீடு திரும்பும்போது என் மனம் என்னையே கேட்டது: உனக்கு என்ன தெரியும்? தொட்டில் என்ற ஒரு சொல் தெரியும். அதற்கு மேல்?

மணிமேகலையைப் பாடமாகப் படித்தவர்களுக்கு ஆபுத்திரனை நினைவிருக்கும். பெற்றவள் விட்டுச் சென்ற பிள்ளை அவன். பசு ஒன்று பாலூட்டிக் காத்தது. இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான். ஊரார் அவன் பிறப்பை அவன் முகத்திலேயே வீசி எறிந்தார்கள். தன் பிறப்பைத் தன் பகைவர் வாயால் கேட்பதைவிடத் துன்பம் வேறு உண்டா? ஊருக்குத் தெரிந்த செய்தி உரியவனுக்குத் தெரியாமல் இருப்பது எந்த நீதி? இந்த எண்ணந்தான் என்னை ஏட்டைத் தேடத் தூண்டியது.

இன்னொரு காரணமும் உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மருத்துவர் வரிசையாக எல்லோரையும் கேட்டார்: "குடும்பத்தில் சர்க்கரை உண்டா? இதய நோய் உண்டா?" என் முறை வந்தபோது நான் என்ன சொல்வது? அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஆனால் அவருடைய சர்க்கரை என் உடம்புக்கு வராதே! மருத்துவர் கேட்டது இரத்த வழியை. அந்தக் கட்டத்தில் நான் ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நூலகத்தில் தேடினேன். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் தத்து நிகழ்ந்த நாளிலிருந்து பிள்ளையைப் புதிய குடும்பத்தின் பிள்ளையாகவே எல்லா வகையிலும் கருதுகிறது. பிறந்த குடும்பத்தோடு இருந்த கட்டுகள் அறுந்துபோகின்றன. முறைப்படி நிகழ்ந்த தத்தைப் பின்னர் யாரும் ரத்து செய்ய முடியாது. வளர்த்தவர்கள் அஞ்ச வேண்டியதே இல்லை. பிள்ளை எந்த ஏட்டைப் படித்தாலும் அவர்களுடைய உரிமையில் ஓர் அணுவும் குறையாது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. பிறந்த குடும்பத்தில் இருந்திருந்தால் யாரை மணக்கக் கூடாதோ, அவரைத் தத்துப்போன பின்னும் மணக்கக் கூடாது என்கிறது அது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே சிந்தனையும் வந்தது. பிறந்த குடும்பம் எது என்றே தெரியாதவர் இந்த விதியை எப்படிக் கடைப்பிடிப்பது? அறிந்திருக்க வேண்டும் என்பதைச் சட்டமே மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது அல்லவா?

சரி, வழி என்ன? தத்து வந்த விதத்தைப் பொறுத்து வழி மாறும்.

முதலாவது, உறவுக்குள்ளோ தெரிந்தவர்களிடமிருந்தோ நேராகத் தத்து எடுப்பது. நம் ஊர்ப்பக்கம் இது மிகுதி. எங்கள் தெருவில் ஓர் அண்ணன் அப்படி வந்தவர். இத்தகைய தத்துக்குப் பெரும்பாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரம் பதிவாகியிருக்கும். கொடுத்தவர் பெயரும் எடுத்தவர் பெயரும் அதில் இருக்கும்; இருவர் கையொப்பமும் இருக்கும். நிலப் பத்திரங்கள் ஏறும் முதலாம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தத்துப் பத்திரம் ஏறுவதோ நான்காம் புத்தகத்தில். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நான்காம் புத்தகத்தின் நகலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தவருக்கும், அப்பத்திரத்தின் கீழ் உரிமை கோருகிறவருக்கும், அவர்களுடைய முகவர், பிரதிநிதிகளுக்கும் மட்டுமே தருவார்கள். தத்துப்பிள்ளை அப்படி உரிமை கோருகிறவர்தானே! அந்த அண்ணன் தம் அடையாளச் சான்றுகளோடு போய் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, நகலை வாங்கி வந்தார். பத்திரம் எந்த ஆண்டு, எந்த அலுவலகம் என்று தெரிந்திருந்தால் வேலை எளிது.

இரண்டாவது, என்னைப் போல் இல்லத்தின் வழியாக வந்தவர்கள். பெற்றோர் யாரென்று தெரியாத பிள்ளையை இல்லத்தின் பொறுப்பாளர் நீதிமன்ற அனுமதி பெற்றுத் தத்துக் கொடுக்கலாம் என்கிறது 1956ஆம் ஆண்டுச் சட்டம். என் தத்துக்கும் அப்படித்தான் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். அம்மா 'கோர்ட்டுல கையெழுத்து' என்று சொன்னது அதைத்தான். மனு எண்ணும் ஆண்டும் தெரிந்தால் அந்த உத்தரவின் சான்று நகலுக்கு விண்ணப்பிக்கலாம். 2022 செப்டம்பர் முதல் நாளிலிருந்து, சிறார் நீதிச் சட்டப்படி நிகழும் தத்துகளுக்கு உத்தரவு தருபவர் மாவட்ட ஆட்சித் தலைவர். அதற்கு முந்தியவை நீதிமன்றக் கட்டுகளில் இருக்கும்.

ஆனால் நீதிமன்ற உத்தரவில் பிள்ளையின் முற்கதை சுருக்கமாகவே இருக்கும். முழுக் கதை இருப்பது இல்லத்தின் கோப்பில். அதைக் காண வேண்டுமானால் 'காரா' என்று சுருக்கமாக வழங்கும் மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். தத்துப்பிள்ளை தன் மூலத்தைத் தேடுவதை 2022ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிகள் ஒப்புக்கொண்டு, அதற்கு முறையும் வகுத்திருக்கின்றன. 18 வயது நிறைந்தவர் தாமாகவே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தவர் வளர்த்த பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். நமக்காக வேறொருவர் தேடுவதற்கு இடமில்லை. பெற்றவர் பிள்ளையை ஒப்படைக்கும்போது தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால், அவருடைய சம்மதத்தை முதலில் கேட்பார்கள். அவர் மறுத்தாலும், அவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில், என்ன காரணத்தால் பிள்ளை ஒப்படைக்கப்பட்டது என்பதையேனும் சொல்லியாக வேண்டும். பெயர் கிடைக்காமல் போகலாம். காரணத்தை மறைக்கக் கூடாது என்பதே விதியின் கருத்து.

வெளிநாட்டிலும் இது எளிதில் வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1926இல் தத்தெடுப்புச் சட்டம் வந்தது. ஆனால் தத்துப்போனவர் தம் மூலப் பிறப்புச் சான்றைப் பெறும் உரிமை 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. அது 1976 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்லாந்தில் 1930 முதலே, 17 வயதில் இவ்வுரிமை இருந்தது. கதவைத் திறந்தபோதும் இங்கிலாந்து ஒரு முன்னெச்சரிக்கை செய்தது. சட்டம் வருமுன் தத்துப்போனவர்கள் ஏட்டைப் பெறுவதற்கு முன் ஓர் ஆலோசகரைச் சந்தித்தே ஆகவேண்டும் என்றது. அந்தக் காலத்துத் தாய்மார்கள் 'யாருக்கும் தெரியாது' என்ற நம்பிக்கையில் பிள்ளையைக் கொடுத்தவர்களாயிற்றே! 1993இல் ஹேக் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கை, நாடு விட்டு நாடு தத்துப்போகும் பிள்ளையின் பிறப்பு விவரங்களையும் மருத்துவ விவரங்களையும் அரசுகள் பாதுகாக்க வேண்டும் என்று விதித்தது. இந்தியா அதை 2003இல் ஏற்றுக்கொண்டது.

இவ்வளவையும் படித்தபின் வீட்டில் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தேடிக் கண்டுபிடிச்சா எங்களை விட்டுப் போயிடுவியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தையல் எந்திரத்தின் முன்னிருந்த அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "துணி எந்தக் கடையில எடுத்ததுன்னு கேட்டா, தைச்சவனுக்கு என்ன கோபம்? பார்த்துட்டு வரட்டும்."

விண்ணப்பித்தேன். விண்ணப்பம் மேலே போய், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் நான் வளர்ந்த இல்லத்துக்கும் இறங்கி வந்தது. மாதங்கள் ஓடின. இடையில் ஓர் அலுவலகத்தில் ஒருவர், "நல்ல குடும்பம் கிடைச்சிருக்கு, பேசாம படிக்க வேண்டியதுதானே" என்று அறிவுரை சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பட்டா நகல் கேட்டு வருகிறவரிடம் 'நல்ல வீடு இருக்கிறதே, பேசாமல் இரு' என்று யாரேனும் சொல்வார்களா? என் ஏட்டை நான் கேட்பது மட்டும் நன்றிகெட்ட செயலாகத் தெரிவது ஏன்?

இறுதியில் அழைப்பு வந்தது. அப்பாவும் நானும் பேருந்தில் போனோம். ஓர் அலுவலர் முன்னிலையில் பழைய பதிவேடு ஒன்றும் மெலிந்த கோப்பு ஒன்றும் வந்தன. கோப்பின் ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. ஒரு தாளில் கறையான் அரித்த துளைகள். பெற்றோர் பெயர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று இருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். தொட்டிலில் விட்டவரின் பெயரை யாரும் கேட்டதில்லை, எழுதியதும் இல்லை. ஆகவே எந்தச் சட்டமும் எந்த விதியும் இல்லாத பெயரை எனக்குத் தர முடியாது.

அதன்கீழே ஒரு செவிலியின் சிறு கையெழுத்தில் ஆறு வரிகள் இருந்தன. விடியற்காலை 4.40 மணி. எடை 1 கிலோ 900 கிராம். பிறந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கலாம். பழைய வேட்டித் துண்டில் இருமடியாகச் சுற்றப்பட்டிருந்தது. தொப்புள்கொடி நூலால் சுத்தமாகக் கட்டப்பட்டிருந்தது. ஆறாவது வரி: 'குழந்தை பால் குடித்து உறங்கிய நிலையில் இருந்தது.'

நான் அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். பால் குடித்து உறங்கிய நிலை! யாரோ ஒருத்தி அந்த இருட்டில் எங்கோ அமர்ந்து எனக்குப் பாலூட்டியிருக்கிறாள். பசியோடு விட்டுப் போகவில்லை. நான் உறங்கும்வரை காத்திருந்து, குளிருமே என்று இரண்டு மடிப்பாகச் சுற்றி வைத்திருக்கிறாள். என்னைக் கொல்லச் சொன்னவர்கள் அவளைச் சுற்றி இருந்தார்களோ, வறுமைதான் காரணமோ, நான் அறியேன். ஆனால் 'யாரு பெத்ததோ' என்று கேட்ட அந்த அத்தைக்கு இனி என்னிடம் உண்மையான விடை இருக்கிறது. பாலூட்டி உறங்க வைத்த ஒருத்தி பெற்றாள்.

அப்பா அருகில் நின்று அதைப் படித்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த ஆறு வரிகளையும் தம் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினார். அம்மா கேட்டுவிட்டு, "பாவம், பால் கட்டி எவ்வளவு வலிச்சுதோ அவளுக்கு" என்றார். அந்த ஒரு சொல்லில் என் அம்மாவின் அச்சம் போய்விட்டதை உணர்ந்தேன்.

அவள் பெயர் தெரியாதது உனக்குக் குறையில்லையா என்று என் தோழி கேட்டாள். குறைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். மருத்துவரின் கேள்விக்கு இன்றும் என்னிடம் கோடுதான் விடை. ஆனால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பெயர் கேட்டிருந்தால் அவள் தொட்டிலுக்கு வந்திருப்பாளா? வராதிருந்தால் நான் இன்று இக்கட்டுரை எழுதியிருப்பேனா? அவளுடைய மறைவுதான் என் உயிருக்கு அவள் கொடுத்த விலை. அதை இன்று நான் திருப்பிக் கேட்பது முறையல்ல. என்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கும் உரிமை என்னுடையது. மறைந்து வாழ விரும்பும் ஒருத்தியின் வாசலைத் தட்டும் உரிமை அதிலிருந்து தானாகப் பிறந்துவிடாது. நம் விதிகளும் பிள்ளையின் தேடல் பெற்றவர்களின் அந்தரங்க உரிமையை மீறக் கூடாது என்றே சொல்கின்றன. அறிதல் வேறு, அணுகுதல் வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்துவிட்டால் ஏட்டைத் திறந்து காட்ட எந்த அலுவலகமும் அஞ்ச வேண்டியதில்லை; எந்தத் தாயும் கலங்க வேண்டியதில்லை.

தோழர்களே! நம்மில் பலர் தேர்வாணையத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம். நாளை சிலர் காவல் நிலையத்தில் அமர்வோம். சிலர் மருத்துவமனையில், சிலர் குழந்தைகள் இல்லத்தில், சிலர் ஆவணக் காப்பறையில். ஒரு பிள்ளை உங்கள் மேசைக்கு வரும் நாளில் பதிவேட்டில் 'தெரியவில்லை' என்று மட்டும் எழுதி மூடிவிடாதீர்கள். தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள்: நேரம், எடை, சுற்றியிருந்த துணி, கூட வந்தவர் சொன்ன சொல், நோய் உண்டா இல்லையா. எழுதியதைக் கறையானுக்குக் கொடாமல் காப்பாற்றுங்கள். இருபது ஆண்டு கழித்து அதைப் படிக்க ஒருவர் வருவார். அவருக்கு இருக்கும் ஒரே கல்வெட்டு அதுதான்.

என் பதிவேட்டில் ஐந்து வரிகள் அலுவலக முறைப்படி எழுதப்பட்டவை. ஆறாவது வரியை எழுதும்படி அந்தச் செவிலியை யாரும் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டார்கள். கண்ணில் பட்டதை அவர் எழுதி வைத்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. கையொப்பமும் தெளிவாக இல்லை. அவருக்கு இம்மலரின் வாயிலாக என் வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.